பொன்னி யாருக்கு, குண்டு அரிசி யாருக்கு

கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களின் விவரங்கள் 2024 மார்ச்சில் வெளிவந்தபோது என் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தது என்று ஆளாளுக்கு அட்டவணை போட்டுச் சுற்றவிட்டார்கள். அவரவருக்குப் பிடிக்காத கட்சியின் வரியில் மட்டும் மஞ்சள் பூசியிருக்கும். கீழே, "இவன் அவங்க ஆளு, அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு குறிப்பு. சரி, ஒரு கம்பெனி ஒரே ஒரு கட்சிக்குக் கொடுத்திருந்தால் அப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் பட்டியலின் மேல்வரிசையில் இருந்த பல கம்பெனிகள், மேடையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் மூன்று நான்கு கட்சிகளுக்கு ஒரே காலகட்டத்தில் கொடுத்திருந்தன. அவர்கள் யாருடைய ஆள்? இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது "அந்தத் தொழிலதிபர் இந்தக் கட்சியின் ஆதரவாளர்" என்று ஆரம்பித்தால் என் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது.

எனக்கு இதில் ஒரு சின்ன முன்அனுபவம் உண்டு. கோடிகளில் அல்ல, மூட்டைகளில்.

மாமாவின் நோட்டு

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் என் தாய்மாமாவுக்கு அரிசி ஆலை. அந்த வட்டார ஆலை உரிமையாளர் சங்கத்துக்குப் பல வருடம் அவர்தான் பொருளாளர். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் சங்கக் கணக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதாவது, ஆடிட்டருக்குப் போகும் கணக்கு. இன்னொரு நோட்டும் உண்டு. அது மாமாவின் மேஜை இழுப்பறையில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில்தான் முதல்முறையாக அந்த நோட்டு என் கைக்கு வந்தது. மாமாவுக்குக் கண்ணில் புரை, எழுத்து சரியாகத் தெரியவில்லை. "மாப்ள, நான் சொல்றேன், நீ எழுது. பேரு போடாத, முதல் எழுத்து மட்டும் போடு" என்றார்.

அந்தத் தேர்தலைப் பலருக்கு நினைவிருக்கும். பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்து, பிறகு நவம்பரில் நடத்தினார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும் என்று பறக்கும் படை ரோட்டுக்கு ரோடு நின்றது. நெல் வியாபாரிகளுக்கே பணம் எடுத்துப் போவது பெரும்பாடாக இருந்த நேரம். அதனால் சங்கம் பெரும்பாலும் பொருளாகவே கொடுத்தது. தேர்தல் காரியாலயத்தில் தினமும் உலை கொதிக்கும். பூத் கமிட்டி ஆட்கள், பிரசாரத்துக்கு வந்தவர்கள், ஆட்டோ டிரைவர்கள், மைக் செட்டுக்காரர் எல்லோருக்கும் சோறு போடவேண்டும். அதற்கு அரிசி. கூடவே இரண்டு டாடா ஏஸ் வண்டியும் டீசலும்.

நோட்டில் நான் எழுதியது வேட்பாளரின் முதல் எழுத்து, மூட்டை எண்ணிக்கை, அப்புறம் ரகம். இந்த மூன்றாவது கட்டம்தான் சுவாரசியம். ஒருவருக்கு வெள்ளைப் பொன்னி. ஒருவருக்குக் கர்நாடகப் பொன்னி. ஒருவருக்கு ஏ.டி.டி. 'சும்மா வந்து நின்னுட்டுப் போறவங்க' என்று மாமா வகைப்படுத்திய ஆட்களுக்கு இட்லிக்குப் போடுகிற குண்டு அரிசி. அந்த ஊரில் எந்தக் கருத்துக்கணிப்பும் அந்த மூன்றாவது கட்டம் அளவுக்குச் சரியாகச் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு ராத்திரி கூட்டம்

யாருக்கு என்ன என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சங்கத் தலைவருடைய ஆலையில், ஆபீஸ் அறைக்கு மேல் மாடியில். கீழே தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. புழுங்கல் வாடைக்குப் பழகாதவர்கள் அங்கே ஐந்து நிமிடம் உட்கார முடியாது. மேலே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பதின்மூன்று பேரும் அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தாராளமாகச் சமோசா சாப்பிட்டார்கள்.

அரிசி ஆலைக்காரர்களுக்கு அரசாங்கத்திடம் என்ன வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. கொள்முதல் நிலையத்தில் அரசு வாங்கும் நெல்லை ரேஷனுக்காக அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர்களாக நிறைய தனியார் ஆலைகள் இருக்கின்றன. நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் கொடுக்கும். நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்கவேண்டும். நெல்லில் ஈரப்பதம் கூடினால் அந்தக் கணக்கு உதைக்கும். எந்த ஆலைக்கு எவ்வளவு நெல் ஒதுக்கீடு, எந்தக் கிடங்கிலிருந்து, அரவைக் கூலி எப்போது வரும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு மேஜை உண்டு. அந்த மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அந்த அதிகாரியை மாற்றும் சக்தி உள்ள ஒருவர், அவருடைய போனை எடுக்கும் இன்னொருவர்.

அன்றைக்குக் கூட்டத்தில் எந்தக் கட்சி விவசாயத்துக்கு, ஆலைத் தொழிலுக்கு என்ன வாக்குறுதி கொடுத்திருக்கிறது என்று யாரும் பேசவில்லை. தேர்தல் அறிக்கை என்ற சொல்லே வரவில்லை. கேட்ட கேள்விகள் வேறு. ஜெயிப்பானா? ஜெயித்தால் மந்திரி ஆகும் யோகம் இருக்கிறதா? தோற்றாலும் மாவட்டச் செயலாளர் பதவி அவனிடமே இருக்குமா? நம் நாட்டு அரசியல் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்வியின் கனம் புரியும். தோற்ற மாவட்டச் செயலாளர் ஜெயித்த எம்.எல்.ஏ.வைவிடப் பெரிய ஆள். அப்புறம், போன் போட்டால் எடுப்பானா, அல்லது உதவியாளரிடம் கொடுத்துவிடுவானா? கடைசியாக, சொன்ன சொல் காப்பாற்றுவானா? இந்தக் கேள்வி கடைசியில் வந்தாலும் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். பழைய கதைகள் வந்தன. ஒருவர் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார். இன்னொருவர் வாங்காமலே செய்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கொஞ்சம் சங்கடமாக நெளிந்தார்கள்.

பட்டியலில் ஓர் இடதுசாரி வேட்பாளரும் இருந்தார். அந்த ஆண்டு அவர்கள் மக்கள் நலக் கூட்டணியில் நின்றார்கள். மாநிலம் முழுக்க ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போனது பின்கதை. அந்த மனிதர் சுமைப்பணித் தொழிலாளர் கூலி விஷயத்தில் ஆலைக்காரர்களுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து கையை முறுக்கியவர்தான். ஆனால் 2012 மின்வெட்டின்போது, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஆலைகள் முடங்கிக் கிடந்தபோது, ரோட்டில் இறங்கி மறியல் செய்ததும் அவர்தான். நெல் தேங்கினால் கொள்முதல் நிலையத்தில் போய்ச் சண்டை போட்டதும் அவர்தான். அவருக்கு இரண்டு மூட்டை குண்டு அரிசி என்று செயலாளர் சொன்னார். அப்போது அங்கிருந்தவர்களிலேயே இளையவர், அப்பாவின் ஆலையைப் புதிதாக எடுத்து நடத்துபவர், கேட்டுவிட்டார்: "நமக்காகப் பேசினது அவர் ஒருத்தர்தானே? அவருக்குப் போய் ரெண்டு மூட்டையா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தலைவர்தான் பதில் சொன்னார். கோபமாக எல்லாம் இல்லை, பாடம் நடத்துகிற மாதிரிதான்.

"தம்பி, அவரு நாம கொடுத்தாலும் பேசுவாரு, கொடுக்காட்டியும் பேசுவாரு. அப்புறம் எதுக்குக் கொடுக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் நோட்டில் '2, குண்டு' என்று எழுதினேன். ஆனால் அந்தப் பதில் எனக்குள் செரிக்கவே இல்லை. அதுவரை என் மனதில் இருந்த கணக்கு எல்லோருக்கும் இருப்பதுதான்: தங்களுக்குச் சாதகமாக நினைக்கிற அரசியல்வாதியைத் தேடிப் பிடித்து ஆதரிப்பார்கள். அன்றைக்குத் தெரிந்தது, உண்மையான நண்பன் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் இருப்பான். கொள்கையால் ஒத்துப்போகிறவனுக்குக் கொடுக்கத் தேவையில்லை, எந்தக் காலத்திலும் வழிக்கு வராதவனுக்குக் கொடுத்துப் பயனில்லை. நடுவில் இருப்பவனுக்கு, அதிலும் நாற்காலி கிடைக்கப்போகிறவனுக்குத்தான் வெள்ளைப் பொன்னி.

இதற்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. மறுநாள் அந்த இடதுசாரி வேட்பாளரின் தோழர்கள் இருவர் சைக்கிளில் வந்து, 'தேர்தல் நிதி, அரிசி 2 மூட்டை' என்று சங்கத்தின் பெயருக்கு முறையாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைவருக்கு முகம் வெளிறிவிட்டது. வேறு எவரும் ரசீது கொடுத்த வழக்கமே இல்லை. "இத வேற கட்சிக்காரன் பாத்தா என்ன ஆவறது, இவனுகளுக்கு விவரமே பத்தாது" என்று திட்டித் தீர்த்தார். கொடுத்ததைவிட, கொடுத்தது வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் அங்கே எல்லோருக்கும் பயம்.

பெரிய நோட்டு

அந்த ரசீது பயத்தையே ஒரு தேசியத் திட்டமாக எழுதினால் அதுதான் தேர்தல் பத்திரம். நன்கொடை கொடுத்தவரின் பெயர் வெளியே தெரிந்தால் மற்ற கட்சிகள் பழிவாங்கும், ஆகவே ரகசியம் வேண்டும் என்பதுதான் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு வைத்த முக்கிய வாதங்களில் ஒன்று. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று அதை ஏற்காமல் திட்டத்தையே ரத்து செய்தது. எனக்கு அந்த வாதம் பொய்யாகப் படவில்லை. எங்கள் தலைவரின் முகம் அதற்குச் சாட்சி. ஆனால் ரகசியம் யாரிடமிருந்து என்பதுதான் விவகாரம். பத்திரத்தை விற்றது அரசு வங்கி. ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் எண் இருந்தது. ஆளுங்கட்சிக்கு விவரம் எட்டும் வாய்ப்பு உண்டு, எதிர்க்கட்சிக்கும் நமக்கும் எட்டாது. எங்கள் ஊரில் தலைவர் பயந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று. தேர்தல் பத்திரத்தில், தெரியவேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிற வசதி இருந்தது.

விவரங்கள் வந்ததும் நான் கட்சி வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாமாவின் நோட்டில் பார்த்த மாதிரி, யாருடைய ஃபைல் யார் மேஜையில் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்தால் முரணாகத் தெரிந்தது நிறைய சீராகிவிடுகிறது. ஒடிசாவில் சுரங்கம். எஸ்ஸல் மைனிங் கொடுத்த 224.5 கோடியில் 174.5 கோடி அன்றைக்கு அங்கே ஆண்ட பிஜு ஜனதா தளத்துக்கு. ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர் கொடுத்த 123 கோடியில் 100 கோடி அதே கட்சிக்கு. மேற்கு வங்கத்தில் மின்நிலையம் நடத்தும் ஹால்டியா எனர்ஜி கொடுத்த 377 கோடியில் 281 கோடி திரிணமூல் காங்கிரசுக்கு, 81 கோடி டெல்லியில் ஆள்கிற பா.ஜ.க.வுக்கு. தெலங்கானாவின் காளேஸ்வரம் பாசனத் திட்டத்தில் முக்கிய ஒப்பந்தக்காரரான மேகா எஞ்சினியரிங் கொடுத்ததில் 195 கோடி அப்போது அங்கே ஆண்ட பாரத் ராஷ்டிர சமிதிக்கு (பி.ஆர்.எஸ்.), அதைவிடப் பெரிய பங்கு பா.ஜ.க.வுக்கு. மாநிலத்தில் ஒரு மேஜை, டெல்லியில் ஒரு மேஜை. இதற்கு மேல் கொள்கை எதையும் இதில் தேடவேண்டியதில்லை. பிஜு ஜனதா தளம் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஒரு மாநிலக் கட்சிக்குப் பட்டியல்படி 775 கோடி. 2023 டிசம்பரில் ஆட்சியை இழந்த பிறகு பி.ஆர்.எஸ்.சுக்கு வரும் நன்கொடை எப்படி வற்றியது என்று பார்த்தால் போதும். கட்சியின் கொள்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை, மேஜைதான் கைமாறியது.

எல்லாமே இப்படிக் கச்சிதமாகப் பொருந்தினால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். நம் ஊர்க் கதை பொருந்தவில்லை. பத்திரம் வாங்கியதில் முதலிடம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி. அதில் அதிகம் போனது திரிணமூலுக்கு, 542 கோடி. வங்கத்தில் லாட்டரி விற்கிறது, சரி. அடுத்தது தி.மு.க. அந்நிறுவனத்திடம் பெற்றது 509 கோடி என்று கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2003லேயே ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்துவிட்டார். அந்தத் தடை எந்த ஆட்சியிலும் நீங்கவில்லை. விற்க முடியாத ஊரில் எதற்கு இவ்வளவு? ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். மாமாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உள்ளூர்க்காரன் உள்ளூர்ல மரியாதையா இருக்க வேண்டாமாடா?" என்றார். அந்த பதிலுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் மாமாவின் சங்கமும் ஒரு வேலையும் ஆகவேண்டியில்லாத வருடங்களில் மூட்டை அனுப்பியிருக்கிறது. கேட்க ஒன்றும் இல்லாதபோதும் கொடுத்துப் பழகியிருந்தால்தான் கேட்க வேண்டியபோது கதவு திறக்கும் என்பது அவர்கள் கணக்கு. இதே தமிழ்நாட்டில் அ.தி.மு.க. பத்திரங்களில் பெற்றதாகக் காட்டியது மொத்தமே 6.05 கோடி, அதிலும் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸிடமிருந்து. அந்தத் தொகையைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பத்திரமே வாங்கமாட்டோம் என்று சொல்லி வழக்குப் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி. எங்கள் ரசீதுத் தோழரை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2019 மக்களவைத் தேர்தல் செலவுக் கணக்கில், கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி கொடுத்ததாக தி.மு.க. காட்டியிருந்தது. அதில் இந்திய கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி. இரு கட்சிகளும் அது தேர்தல் செலவுக்காக முறையாக வங்கி வழியாக வந்தது என்றன. மறைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெரிய கட்சியின் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து வயல்காரன் கேட்காமல் இருக்கமுடியாது.

ஆளைப் பார்த்தா, நாற்காலியைப் பார்த்தா

இங்கே அமெரிக்காவைக் கொஞ்சம் இழுக்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் லாபி, அதாவது சட்டம் போடுகிறவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கும் வேலை என்றாலே நம் ஆட்களுக்கு அமெரிக்காதான் ஞாபகம் வருகிறது. அங்கே தேசியத் துப்பாக்கிச் சங்கம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல ஏ முதல் எஃப் வரை கிரேடு போடுகிறது. எந்த மசோதாவில் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதுதான் மதிப்பெண். கட்சி எது என்பதைத் தாண்டி, தனி ஆள் என்ன நினைக்கிறார் என்பது அங்கே விலைபோகும் சரக்கு. பிடித்தவரை ஆதரிப்பதோடு விடுவதில்லை, பிடிக்காதவரை வீழ்த்தவும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024இல் கலிபோர்னியாவில் செனட் பதவிக்கான முதற்கட்டத் தேர்தலில் கேட்டி போர்ட்டர் என்பவரைத் தோற்கடிக்க கிரிப்டோ நாணயக்காரர்களின் ஃபேர்ஷேக் என்ற குழு சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களில் கிரிப்டோ பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தோற்றவர் ஒருத்தர், பார்த்துப் பயந்தவர்கள் எத்தனை பேரோ. அங்கே லாபிக்காரர்கள் அதிக நேரம் செலவழிப்பது எதிரிகளோடு அல்ல, ஏற்கெனவே தங்கள் பக்கம் இருக்கிற உறுப்பினர்களோடுதான் என்றும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். புள்ளிவிவரம் எடுத்துக் கொடுப்பது, திருத்தம் எழுதிக் கொடுப்பது என்று நண்பனுக்கு எடுபிடி வேலை செய்கிறார்கள். எங்கள் தலைவர் சொன்னதற்கு நேர் எதிர்.

ஏன் எதிர் என்று யோசித்தால் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் போய் முட்டிக்கொள்கிறேன். கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவி போய்விடும் என்றால், ஓர் எம்.எல்.ஏ. தனிப்பட்ட முறையில் என்ன நினைக்கிறார் என்பதைப் பற்றி எவனுக்கு என்ன கவலை? நம் சட்டமன்றத்தில் நண்பனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் எழுந்து பேசலாம், அவைக்குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். முடிவெடுப்பது கட்சித் தலைவர், முதல்வர், துறை அமைச்சர், அவர்களுக்குக் கீழே ஒதுக்கீட்டுக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. ஆகவே இங்கே பணம் கருத்தைத் தேடிப் போவதில்லை, நாற்காலியைத் தேடித்தான் போகும். கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம் நம் எம்.எல்.ஏ.க்களின் மனசாட்சியை விலையில்லாப் பொருளாக்கிவிட்டது, இலவச மிக்ஸி கிரைண்டர் மாதிரி. அந்தச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாத காலத்தில் ஆள் பிடித்த லட்சணமும் நமக்குத் தெரியும்.

பணத்துக்குப் பதில் ஓட்டை வைத்துப் பேரம் பேசும் கூட்டமும் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் விதமே வேறு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே அடியில் வேலையிலிருந்து நீக்கியது. பெரும்பாலானோரைப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் அந்த ரணம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணிக்கு 39இல் ஓரிடமும் கிடைக்கவில்லை. அதற்கு அவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அவர்களைக் கேட்காமல் தேர்தல் அறிக்கை எழுதியதில்லை. என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர்கள் சங்கத்தில் தேர்தல் அறிக்கையை வரிவரியாக அடிக்கோடிட்டுப் படிப்பார்கள். பழைய ஓய்வூதியம் எந்தப் பக்கத்தில், எந்த வார்த்தையில் வந்திருக்கிறது என்பதுவரை பேசுவார்கள். மாமா சங்கத்தில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்காத புத்தகம் அது. அத்தை வீட்டிலும் மாமா வீட்டிலும் ஒரே பொங்கலுக்குப் போய்வந்தால் இரண்டு வேறு நாட்டுத் தேர்தலைக் கேட்ட மாதிரி இருக்கும். "நாங்க வாக்குறுதிய நம்பி ஓட்டுப் போட்டோம், ஏமாந்தோம்" என்பது அத்தை. "நாங்க யாரையும் நம்பல, அதனால ஏமாறல" என்பது மாமா. ஓட்டு ஒரு நாள்தான் கையில் இருக்கும். மூட்டையை மாதாமாதம் அனுப்பலாம், நிறுத்தவும் செய்யலாம். அத்தையின் ஆட்களுக்குப் பல லட்சம் ஓட்டு இருந்தும் ஒரு கோரிக்கைக்காக இருபது வருடத்துக்கு மேல் தெருவில் நின்றதற்கு இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பத்திரம் போனபின்

பத்திரம் ஒழிந்ததும் பணம், கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளைகள் வழியாக ஓட ஆரம்பித்தது. 2013லிருந்தே தேர்தல் அறக்கட்டளைத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்குள் வந்ததில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குக் கொடுத்துவிடவேண்டும், பெயர்களை ஆணையத்திடம் சொல்லவேண்டும். ரசீது உள்ள வழி என்ற அளவில் எவ்வளவோ மேல். ஆனால் ரசீது வந்ததால் தேர்வு மாறிவிட்டதா? டாடா குழுமத்தின் புரோகிரசிவ் அறக்கட்டளை 2024-25இல் கொடுத்த சுமார் 915 கோடியில் பா.ஜ.க.வுக்கு 758 கோடி, காங்கிரசுக்கு 77 கோடி. மக்களவையில் அவர்களுக்கு 240 இடம், இவர்களுக்கு 99. இடக் கணக்கில் இரண்டரை மடங்குகூட இல்லாத வித்தியாசம் பணக் கணக்கில் பத்து மடங்கு ஆகிறது. ஆட்சி நாற்காலிக்கென்று தனி எடை இருக்கிறது. மாமாவின் மூன்றாவது கட்டத்தில் இதை ரகம் என்று எழுதுவோம்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, நாற்காலியே இல்லாத இடத்தில் இந்த ஆட்கள் தடுமாறுவது. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது, 25 கிலோ வரையான பைகளுக்கு. அதற்கு முன்பு பிராண்ட் போட்ட அரிசிக்குத்தான் வரி. சங்கம் கொதித்தது. வழக்கம்போல 'யாரைப் பார்க்கணும்' என்று விசாரித்தார்கள். எம்.எல்.ஏ. கைவிரித்தார். எம்.பி. மனு வாங்கிக்கொண்டார். மாநில அமைச்சரைப் பார்த்தால், ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு என்றார். அந்தக் கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். முப்பது நாற்காலிக்கு எங்கே போய்ப் பொன்னி அனுப்புவது? கதவடைப்பு நடத்திப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் சட்டத்தை இன்னொரு தடவை படித்தார். 25 கிலோ வரைக்கும்தானே வரி? அடுத்த மாதமே எங்கள் பக்கத்து ஆலைகளிலிருந்து 26 கிலோ பை வர ஆரம்பித்தது. கடைக்காரருக்கும் வரி இல்லை, வாங்குபவருக்கும் இல்லை. தேர்தலுக்கென்று சேர்த்து வைத்திருந்த நிதியில் ஒரு பகுதியை எடுத்துத்தான் மாமாவின் சங்கம் உறுப்பினர்களுக்கு மொத்தமாக 26 கிலோ பை அச்சடித்துக் கொடுத்தது. அந்தச் செலவை மட்டும் ஆடிட்டர் கணக்கிலேயே எழுதச் சொன்னார்கள், ஜி.எஸ்.டி. பில்லோடு.